இறங்கும்போதே ஏறுவதை நினை!

நடுவர் அவர்களே! அருவிக்குப் போகக் கோடைதான் ஏற்றது என்று எதிரணி நண்பர் அடித்துச் சொன்னார். பள்ளிக்கூடம் லீவு, வீட்டிலே புழுக்கம், வேறெங்கே போவது என்றார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன் ஐயா!

ஒரு மே மாதம். துவாக்குடியிலிருந்து குடும்பத்தோடு நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேலே படிகள்! மற்ற மலையிலே ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு. இங்கே தலைகீழ். போகும்போது சிரிப்பு, திரும்பும்போது மூச்சிரைப்பு!

கீழே கங்கை நூலாக வழிந்தது. ஏறும்போது பாதிப் படியில் என் துணைவியார் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்துபோச்சு. "இறங்குறப்பவே ஏறுறதை நினைச்சீங்களா?"ன்னு கேட்டாங்க. முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் பதில் தெரியலீங்க!

மறு தை மாதம் போனோம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த நேரம். அருவி நிறையத் தண்ணீர், காற்றிலே குளிர்ச்சி. நின்று நின்று ஏறினோம். இருவரும் சிரித்தபடியே மேலே வந்தோம்.

மழை கொட்டும் நாளில் போகாதீர்கள். படி வழுக்கும், வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. மழை ஓய்ந்த குளிர்காலமே ஏற்றது. அழைத்துப் போனவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பதுதானே ஐயா பயணம்!