கப்பல் நாலு, கணக்கு ஒன்று



கம்ப்யூட்டரில் நீங்க கடற்போர் விளையாடுறீங்க. நாலு திசையில் நாலு கப்பற்படை. மவுஸைத் தட்டினால் அத்தனையும் கீழ்ப்படிகின்றன. நம்ம ஊர்க் கடலில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். கடற்படைத் தலைவர் தாஷேயோ மொரீசியசில் இருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை கலைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு சண்டை போட்டுவிட்டு தாஷே மறுபடி கிளம்பினார், திரும்பவேயில்லை.

1760-ல் நம் வில்லியனூர் வீழ்ந்தது. புதுச்சேரியில் உணவு தீர, ஊர்மக்களை லாலி வெளியேற்றினார். இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

அடுத்து 1783 ஜூன். பாகூரை அடுத்த கடலூரில் புஸ்ஸி முற்றுகையில் சிக்கினார். காக்க வந்த சுஃப்ரானிடம் கப்பல் 15, எதிரியிடம் 18. மாலுமிகள் போதவில்லை. தானே நெருக்கடியில் இருந்தும் புஸ்ஸி சுமார் 1200 பேரைக் கப்பலுக்கு அனுப்பினார். ஜூன் 20-ல் சண்டை. ஆங்கிலக் கப்பற்படை சென்னைக்கு விலகியது, கடலூர் தப்பியது.

படையைப் பிரிக்குமுன் சேரும் இடம், நாள், சோறு மூன்றையும் பேசி முடிச்சுக்கோங்க. திரையில் தோற்றால் இன்னொரு ஆட்டம் உண்டு. வெளியே துரத்தப்பட்ட நம் மக்களுக்கு அது கிடைக்கவில்லை.