1967க்கும் 1971க்கும் நடுவே



தலைமையுரை ஆற்ற வேண்டும் என்று அழைப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து மனம் நிறைந்திருக்கிறது. கூடவே ஒரு படபடப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அமெரிக்க நாவல் கற்பித்த ஆசிரியர் முன்வரிசையில் இருக்கிறார். என்னிடம் படித்தவர்கள் பின்வரிசைகளில் இருக்கிறார்கள். ஐயாவின் முன்னால் ஓர் ஆண்டைத் தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் தாளில் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். இன்று நான் பேசப்போவதே ஓர் ஆண்டைப் பற்றித்தான்.

கருத்தரங்கின் பொருள் 'இளையோர் புனைகதையாசிரியர் ஒருவரின் வாழ்வும் பணியும்'. எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் எஸ். இ. ஹின்டன். டல்சா நகரம், வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளி, அங்கே எதிரெதிராக நின்ற மாணவர் கூட்டங்களான கிரீசர்களும் சோஷ்களும், 1967 ஏப்ரலில் வைக்கிங் பதிப்பகம் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' என்று இந்த அவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. இளையோர் புனைவு யாரிடம் தொடங்கியது என்ற பழைய வழக்கிலும் நான் இறங்கப்போவதில்லை. 1942இல் வந்த மோரீன் டேலியின் 'செவன்டீன்த் சம்மர்' நாவலை முன்னிறுத்துவோர் உண்டு. 1967ஐயே தொடக்கமாகக் கொள்வோர், அதே ஆண்டில் ராபர்ட் லிப்சைட்டின் 'தி கன்டெண்டர்' வந்ததை மறந்துவிடக் கூடாது. அந்த விவாதத்துக்கென நாளை ஓர் அமர்வே இருக்கிறது.

என் கவலை வேறு. நம் கையில் இருக்கும் கருத்தரங்கக் கையேட்டில் ஹின்டனின் காலவரிசை அச்சாகியிருக்கிறது. 1948 பிறப்பு, 1967 முதல் நாவல், அடுத்த வரி 1971, 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்'. இடையில் நான்கு ஆண்டுகள் வெற்றிடம். கையேட்டைத் தொகுத்த நண்பர்கள்மீது குறை சொல்லவில்லை. எல்லா நூல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்த வெற்றிடத்தின்மேல்தான் ஹின்டனைப் பற்றிய கதை முழுவதும் கட்டி எழுப்பப்பட்டிருக்கிறது.

அந்தக் கதையை எல்லோரும் அறிவோம். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. நண்பன் ஒருவனைத் தெருவில் வழிமறித்து அடித்துவிட்டார்கள். கோபம் தாளாமல் உட்கார்ந்து எழுதினாள், நாவல் பிறந்தது. புகழ் வந்தது, பேனா நின்றுபோனது. பிறகு காதலர் டேவிட் இன்ஹோஃப், நாளுக்கு இரண்டு பக்கம் எழுதினால்தான் மாலையில் வெளியே போகலாம் என்று விதித்தார். பக்கங்கள் சேர்ந்தன, இரண்டாம் நாவல் முடிந்தது. 1970இல் திருமணம், 1971இல் புத்தகம்.

இதில் பெரும்பகுதி ஹின்டனே நேர்காணல்களில் சொன்னது. ஆகவே பொய் என்று தள்ள எனக்கு உரிமை இல்லை. ஆனால் நம் துறை இதைக் கேட்ட விதத்தில் பிழை இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு கோபம், நடுவில் ஓர் ஊமைக்காலம், முடிவில் கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஓர் ஆண்மகன். இந்த வரிசையில் எழுத்துத் தொழில் என்ற ஒன்றுக்கு இடமே இல்லை.

முதலில் அந்தக் கோபத்தை எடுத்துக்கொள்வோம். 'தி அவுட்சைடர்ஸ்' தாம் எழுதிய மூன்றாவது கதைநூல், பதிப்பிக்க முயன்ற முதல் நூல் என்பதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். தொடக்கப் பள்ளிக் காலத்திலிருந்தே எழுதிவந்தவர். முதல் வரைவு இடைவெளி விடாமல் தட்டச்சு செய்த நாற்பது பக்கம். அதை மீண்டும் மீண்டும் விரித்து எழுதித்தான் நாம் படிக்கும் நாவல் ஆயிற்று. அந்த வேலையில் மூழ்கியிருந்த ஆண்டில்தான் பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் 'டி' மதிப்பெண் வாங்கினார். இந்த 'டி' நம் கட்டுரைகளில் வேடிக்கைக் குறிப்பாக வந்துபோகிறது. எனக்கு அதில் தெரிவது, வகுப்புக்கு வெளியே தனக்கென ஒரு பட்டறையை நடத்திக்கொண்டிருந்த மாணவி. தந்தை நோயில் கிடந்து இறந்ததும் அந்தக் காலத்தில்தான்.

இங்கே விமர்சகர் டேல் பெக்குக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். நாவலின் நாற்பதாம் ஆண்டில், 2007இல், நியூயார்க் டைம்ஸில் அவர் எழுதிய கட்டுரை நம்மிடையே சிலரைப் புண்படுத்தியது. ஷெர்லி ஜாக்சன், சாலிஞ்சர், அக்காலத் திரைப்படங்கள் என்று ஹின்டனின் பக்கங்களில் கேட்கும் எதிரொலிகளை அவர் பட்டியலிட்டார். திருட்டுப் பட்டம் கட்டுகிறார் என்று ஒரு கருத்தரங்கில் கொதித்தார்கள். நான் அன்று எழுந்து மறுத்தேன், இன்றும் மறுக்கிறேன். ஹின்டனை வாசகியாகப் பார்த்த கட்டுரை அது. ஜேன் ஆஸ்டினையும் ஃபிட்ஜெரால்டையும் ஷெர்லி ஜாக்சனையும் தமக்கு வேண்டியவர்களாகச் சொல்லும் ஓர் எழுத்தாளரின் நாவலில் வேறு நூல்களின் குரல் கேட்பது எப்படிக் குற்றமாகும்? அதில் கதை சொல்லும் போனிபாய் ஃப்ராஸ்டின் கவிதையை மனப்பாடமாகச் சொல்கிறான். பாழடைந்த தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது 'கான் வித் த விண்ட்' படித்துக்காட்டுகிறான். கடைசியில் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலே அவன் ஆங்கில வகுப்புக்கு எழுதிய கட்டுரை என்று தெரியவருகிறது. தான் புத்தகங்களிலிருந்து பிறந்ததை நாவல் ஒளிக்கவே இல்லை.

பெக்குடன் எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். அவருடைய பொருள் முதல் நாவல், ஆகையால் அங்கேயே நின்றார். அவரைப் பின்பற்றியவர்களும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

'இயல்பான இளமைக் குரல்' என்ற தொடரை உருவாக்கியவர்கள் மேல்தான் என் குறை அதிகம். அவர்களில் சிலர் இந்த அவையில் என் நெருங்கிய நண்பர்கள். குரல் இயல்பானது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் வயது ஏற ஏற அது கெட்டுப்போகும் என்றும் சொல்லத்தானே வேண்டும்? அப்படியே சொன்னார்கள். 1975இன் 'ரம்பிள் ஃபிஷ்' சரிவு என்றார்கள். 1983இல் இயக்குநர் கொப்போலா அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்ததால்தான் பெயர் நிலைத்தது என்றார்கள். அந்தத் திரைக்கதையை கொப்போலாவோடு சேர்ந்து எழுதியவர் ஹின்டன் என்பதைக்கூட அந்தக் கட்டுரைகள் சொல்லவில்லை.

இப்போது என் ஆண்டுக்கு வருகிறேன். 1968இல், டல்சா பல்கலைக்கழகம் சார்ந்த 'நிம்ராட்' இதழில் ஒரு சிறுகதை வந்தது. தலைப்பு 'ரம்பிள் ஃபிஷ்'. எழுதியவர் அப்பல்கலைக்கழக மாணவி ஹின்டன். ஏழு ஆண்டுகள் கழித்து அதே தலைப்பில் நாவல் வந்தபோது, விதை இந்தச் சிறுகதைதான் என்பது மறைக்கப்படவும் இல்லை. கலைக்களஞ்சியக் குறிப்புகளிலேயே இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் காலவரிசையில் வைப்பதில்லை.

வைத்துப் பாருங்கள். நான்கு ஆண்டு வெற்றிடத்தின் நடுவே ஒரு கதை நிற்கிறது. அதுவும் அவருடைய மிகக் கடினமான நாவலின் முதல் வடிவம்.

பல ஆண்டுகளுக்கு முன் இதை ஒரு கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மாணவர் காலத்துச் சிறுகதை ஒன்றுக்கு இவ்வளவு எடை தர முடியாது என்ற ஒரே வரியோடு திரும்பி வந்தது. 'தி அவுட்சைடர்ஸ்' பள்ளிக் காலத்து எழுத்து. அதற்கு எடை தருகிறோம். கல்லூரிக் காலத்தில் எழுதியதற்கு ஏன் தரக் கூடாது? அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

இன்னொரு மறுப்பை ஐயா அவர்களே என்னிடம் எழுப்பியிருக்கிறார்கள். அது வலுவான மறுப்பு. முன்பே எழுதி வைத்திருந்த கதையை 1968இல் வெளியிட்டிருக்கலாமே, அதனால் முடக்கம் இல்லை என்று எப்படி ஆகும்? ஆகாதுதான். நாவல் எழுத முடியாமல் அவர் தவித்தார் என்பதை நான் ஏற்கிறேன். ஊரெல்லாம் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பது போன்ற நிலையில் யாருக்கும் அந்தத் தவிப்பு வரும். ஆனால் அந்த நிலையிலும் சொந்த ஊரின் இதழுக்கு ஒரு கதையைக் கொடுத்தார். கொடுத்த கதையை அத்தோடு விடவும் இல்லை, உடனே நாவலாக ஊதிப் பெருக்கவும் இல்லை. இடையில் வேறொரு நாவலை முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். இதற்குப் பெயர் ஊமைக்காலம் என்றால், கவிஞர்கள் பலரின் வாழ்நாள் முழுவதும் ஊமைக்காலம்தான்.

ஏன் ஏழாண்டு தேவைப்பட்டது? விடை நாவலிலேயே கிடைக்கிறது என்பது என் கருத்து. போனிபாய் நிறையப் படிப்பவன், சொல் வளம் உள்ளவன், சூரிய அஸ்தமனத்தைப் பார்த்து நிற்பவன். கதை சொல்ல அவன் வாய்த்தது ஆசிரியருக்குப் பெரிய வசதி. 'ரம்பிள் ஃபிஷ்' கதையைச் சொல்லும் ரஸ்டி ஜேம்ஸ் அதற்கு நேர்மாறு. அவனுக்குத் தான் பார்ப்பது முழுதும் புரிவதில்லை. புரிந்ததைச் சொல்லவும் சொற்கள் போதவில்லை. நினைவும் நழுவுகிறது. கடற்கரையில் பழைய நண்பன் ஸ்டீவைச் சந்திக்கும்போது பழையதை நினைக்கவே அவனுக்கு விருப்பமில்லை. இப்படிப்பட்ட ஒருவன் வாயிலாக, நிறங்கள் தெரியாத, காதும் அவ்வப்போது மந்தமாகிவிடும் அண்ணன் மோட்டார்சைக்கிள் பாயை நமக்குக் காட்ட வேண்டும். வளர்ப்பு விலங்குக் கடையின் தொட்டிக்குள் தம் பிம்பத்தோடே சண்டையிடும் மீன்களை, அவற்றின் பொருளை விளக்கத் தெரியாதவன் சொல்ல வேண்டும். பதினாறு வயதில் எழுதியதைவிட இது பல மடங்கு சிரமமான வேலை. தன் சொல் வளத்தை ஓர் எழுத்தாளர் கழற்றி வைத்துவிட்டு எழுதியிருக்கிறார். அதைத்தான் சரிவு என்று நம் துறை எழுதியது.

1988இன் 'டேமிங் த ஸ்டார் ரன்னர்' நாவலையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டுகிறேன். அதில் டிராவிஸ் என்ற பையன் நாவல் எழுதுகிறான், பதிப்பகம் ஏற்கிறது. அது ஹின்டனின் சொந்தக் கதை. அதை அவர் தன்மையில் எழுதவில்லை, படர்க்கையில் எழுதினார். இளம் எழுத்தாளன் ஒருவனை வெளியே நின்று பார்க்க அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. இதைப் பற்றி இந்தக் கருத்தரங்குக்கு ஒரு கட்டுரையும் வரவில்லை என்று கேள்விப்பட்டு வருந்தினேன்.

பெயரைப் பற்றி ஒன்று. சூசன் எலோயிஸ் என்பதை எஸ். இ. என்று சுருக்கியது பதிப்பகத்தின் யோசனை. பெண் எழுதியது என்றால் மதிப்புரையாளர்கள் நம்ப மாட்டார்கள் என்ற கணக்கு. நம் ஊரில் தலைப்பெழுத்து தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கும், சொந்தப் பெயர் முழுதாக வெளியே தெரியும். அங்கே தலைப்பெழுத்துக்குள் சொந்தப் பெயரே ஒளிந்துகொண்டது. ஆண் என்று நினைத்துப் பாராட்டினார்கள். பெண் என்று தெரிந்த பிறகு அற்புதப் பிறவி என்றார்கள். இரண்டு முறையும் எழுத்தாளர் என்று சொல்லத் தயங்கினார்கள். அதனால்தான் நாளுக்கு இரண்டு பக்கம் என்ற அந்தக் கதையில் காதலர் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறார் என்பது என் ஐயம். டேவிட் இன்ஹோஃபின் அன்பை நான் குறைக்கவில்லை. பக்கங்களை எழுதியவர் அவரில்லை.

1967 ஆகஸ்டில் ஹின்டன் நியூயார்க் டைம்ஸ் நூல் மதிப்புரைப் பகுதியில் எழுதிய கட்டுரையும் இப்படித்தான் அடிக்குறிப்பில் ஒடுங்கிக் கிடக்கிறது. பதின்பருவத்தினருக்கென்று எழுதப்படும் புத்தகங்களில் அவர்களுடைய உண்மை வாழ்க்கை இல்லை என்று பத்தொன்பது வயதில் வெளிப்படையாக வழக்காடியவர் அவர். அது ஒரு திறனாய்வாளரின் கட்டுரை. நேர்காணலில் வாய்தவறி விழுந்த சொற்களைப் போல அதை நாம் கையாள்வது நியாயமில்லை.

நூலகத் துறை நண்பர்கள் ஒன்றை எதிர்பார்ப்பீர்கள். 1980இல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஒரு பள்ளி நூலகப் பணியாளரும் மாணவர்களும் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதி 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைப் படமாக எடுக்கச் சொன்னதையும், 1988இல் நூலகர்கள் வழங்கும் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது முதன்முதலாக ஹின்டனுக்குக் கிடைத்ததையும் நான் பெரிதாகப் பேச வேண்டும். இன்று மாலை அமர்வில் என்னைவிட நன்றாகப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த விருது ஒரு தனி நூலைக் கணக்கில் கொண்டு தரப்படவில்லை, நான்கு நாவல்களுக்குத் தரப்பட்டது. 'ரம்பிள் ஃபிஷ்' அவற்றுள் ஒன்று. ஆய்வாளர்கள் கைவிட்டதை நூலகர்கள் கைவிடவில்லை.

நேரம் கடந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். முதல் அமர்வைத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். எல்லோரிடமும் பேனா இருக்கிறது. கையேட்டின் காலவரிசைப் பக்கத்தைத் திருப்புங்கள். 1967க்கும் 1971க்கும் நடுவே அச்சகத்தார் ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே 1968 என்று எழுதி, பக்கத்தில் 'நிம்ராட்', 'ரம்பிள் ஃபிஷ்' என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.