ஒளிவிழாவுக்கு மிதித்த சைக்கிள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் பாடசாலை மேடையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். பரிசளிப்பு விழா, தமிழ்த்தினப் போட்டி, வாணி விழா என்று பேச நிறைய உண்டு. அவற்றின் படங்கள் இந்த மலரில் இருக்கின்றன. நான் படமே இல்லாத ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் பேசப்போகிறேன். 1993ஆம் ஆண்டின் ஒளிவிழா. அந்த நாளில் பிலிம் ரோலுக்கு எங்கே போவது?

நத்தாருக்கு முன் மார்கழியில் நாங்கள் நடத்தும் விழாவுக்கு ஒளிவிழா என்று பெயர். ஆனால் 1990இன் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் அளந்து அளந்துதான் வீட்டுக்கு வரும். ஜாம் போத்தலுக்குள் திரிவைத்த விளக்கில்தான் படித்தோம். சவர்க்காரம் விற்ற விலையில் பனங்களியால் தோய்த்த சட்டைகள், எவ்வளவு அலசினாலும் ஒரு மஞ்சளாகவே இருக்கும். “விழா இருக்கு, ஒளி எங்கை?” என்பது பத்தாம் ஆண்டு வகுப்பில் எங்கள் பகிடி.

அதனால் விழா காலை பத்து மணிக்கு. மண்டபத்தின் யன்னல்களை எல்லாம் சாத்தி, பழைய சேலைகளால் மூடினால் ஓரளவு இருட்டு வரும். பெத்லகேம் நட்சத்திரம் எரிய வேண்டுமே, அதற்கு ஒரு லுமாலா சைக்கிள். மேடையின் பக்கத்தில், திரைக்குப் பின்னால், ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, அதிலிருந்து நீளமாக ஒரு வயர். ஈர்க்கால் கட்டிக் கடதாசி ஒட்டிய நட்சத்திரத்துக்குள் சைக்கிள் லைற்றின் பல்ப். ஒருத்தி மிதித்தால் நட்சத்திரம் எரியும். களைத்தால் மங்கும். வீடுகளில் றேடியோ கேட்டதும் இந்த முறையில்தான், ஆகவே இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன்.

அந்த ஆண்டு கபிரியேல் தூதராக நடித்தவள் குருநகர்ப் பிள்ளை. குருநகர், பாசையூர்ப் பக்கம் கூத்து ஊறிய இடம். எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி எல்லாம் விடிய விடிய ஆடிய ஊர்கள். அந்தக் கூத்துகளில் ஞானசவுந்தரிக்கும் ஆண்பிள்ளைதான் சேலை உடுப்பார். பெண்பிள்ளைகள் பாயில் இருந்து பார்ப்பதோடு சரி. அவள் அப்படிப் பார்த்துப் பார்த்தே மெட்டுகளைப் பிடித்து வைத்திருந்தாள். எங்கள் மேடையில் எல்லாம் மறுவளம்: ஏரோதுக்கும் நாங்களே கரியால் மீசை கீறிக்கொள்வோம். தூதர் மாதாவுக்கு மங்களம் சொல்லும் இடத்தைக் கூத்து மெட்டில் பாடவேண்டும் என்று கேட்டவள் அவள்தான். சிஸ்டர் முதலில் தயங்கினார், பாடக் கேட்ட பின்பு மறுபேச்சுப் பேசவில்லை.

அவளுக்கு வராமல் போனால் என்று அதே பாட்டைப் பாடமாக்கி வைத்திருந்தவள் நான். சைவப் பிள்ளை, குரல் பரவாயில்லை, மூச்சு மட்டும் போதாது. ஒத்திகையில் அவள் பாட, நான் சைக்கிள் மிதிப்பேன்.

நவம்பர் 13ஆம் திகதி குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மீது விமானக் குண்டு விழுந்தது. உயிர்கள் போயின. அவளுடைய ஒழுங்கையிலும் துக்கம். அடுத்த வாரம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒத்திகையில் அவளுடைய இடத்தில் என்னை நிறுத்தினார்கள்.

இதை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாருக்கும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய், விளக்குக்கு முன்னால் இருந்து, அவள் வராமல் விட்டால் நல்லது என்று நினைத்தேன். பிறகு பயந்து, பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். நினைத்தது நினைத்ததுதான்.

விழாவே வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார். கரையோரத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் அவரிடம் போய், நடனம் வேண்டாம், தேநீர் உபசாரம் வேண்டாம், பாட்டு மட்டும் இருக்கட்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் அவள்தான். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, “நீதானே மிதிக்கிறாய்?” என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அன்று பொம்பர் இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு எந்த வகுப்பு எந்த வாசலால் போவது என்று முதலே சொல்லிவைத்திருந்தார்கள். வெள்ளை மாப்பையில் வெட்டிய செட்டைகளோடு அவள் வந்து நின்றாள். இரண்டு அடி பாடினாள். மூன்றாவது அடியில் குரல் அடைத்துவிட்டது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே காலை நிறுத்திவிட்டேன். நட்சத்திரம் அணைந்தது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எவ்வளவு நேரமென்று சொல்லத் தெரியவில்லை. அவள் தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, “மிதியடி” என்றாள்.

மிதித்தேன். நட்சத்திரம் மெல்லச் சிவந்து, பிறகு வெளிச்சமாக எரிந்தது. அவள் முதலடியிலிருந்து திரும்பப் பாடினாள், முடியும்வரை. முன்வரிசையில் இருந்த தாய்மார் அது நாடகத்திலேயே உள்ளது என்று நினைத்து, நல்லாய் அமைத்திருக்கிறீர்கள் என்று ரீச்சரைப் பாராட்டினார்கள். ரீச்சரும் பேசாமல் ஏற்றுக்கொண்டார். அது சரியா பிழையா என்று எங்கள் வகுப்பில் இன்றைக்கும் வழக்கு முடியவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் ஒரே வீதியால் தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வகுப்பில் பாதி இல்லை. அவளும் இல்லை. வன்னிக்குப் போனாள் என்றார்கள், பிறகு இந்தியா என்றார்கள்.

திருமறைக் கலாமன்றத்தின் திருப்பாடுகளின் நாடகங்களைப் பிறகு எத்தனையோ முறை பார்த்தேன். பெரிய மேடை, பெரிய வெளிச்சம். பார்க்கும்போதெல்லாம் என் வலது கால் தன்பாட்டில் அசையும். பக்கத்தில் இருப்பவர்கள் ஏசுவார்கள்.

இந்த மலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் தமிழகத்துக்கும் போகும் என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் பேச ஒத்துக்கொண்டேன். எடியே, நான் நினைத்ததை இப்போது சொல்லிவிட்டேன், நீ கோபித்தால் கோபி. அந்தப் பாட்டின் மூன்றாவது அடி எனக்கு மறந்துபோய்விட்டது. உனக்கு ஞாபகமிருந்தால் சங்கத்தின் முகவரிக்கு எழுதி அனுப்பு.