நுண்ணோக்கியும் மாணவரும்



ஒரு மில்லிமீட்டரைப் பத்துக் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூற்றினும் சிறியவற்றை நம் வெறுங்கண் காண்பது அரிது. அவ்வெல்லையைக் கடக்க உதவுவது நுண்ணோக்கி. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் மைக்ராஸ்கோப் என்று வழங்குவதும் அதனையே. அதன் உறுப்புகளையும் கையாளும் முறையையும் இன்று கூற விரும்புகிறேன்.

அடியில் கனமான பீடம். அதிலிருந்து எழும் வளைந்த தண்டு. தண்டின் இடையில், நடுவே துளையுடைய மேடை. மேடைக்குக் கீழே ஆடி இருக்கிறது. இக்காலக் கருவிகள் பலவற்றில் அவ்விடத்தில் மின்விளக்கு உண்டு. ஆடிக்கும் மேடைக்கும் இடையே ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தடுப்பு அமைந்துள்ளது. மேலே குழல். குழலின் மேல்முனையில் கண்ணருகு லென்ஸும், கீழ்முனையிலுள்ள சுழல்வட்டில் பொருளருகு லென்ஸ்களும் உள்ளன. கண்ணருகு லென்ஸ் 10 மடங்கும், பொருளருகு லென்ஸ் 40 மடங்கும் பெருக்கினால், உருவம் 400 மடங்கு பெரிதாகத் தோன்றும்.

ஆயின், பெரிதாகத் தெரிவது வேறு. தெளிவாகத் தெரிவது வேறு. ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியினும் நெருங்கி நிற்கும் இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்பதை ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் அபே 1873-இல் விளக்கினார். தெளிவைத் தருவன நல்ல லென்ஸும், அளவான ஒளியும், பயின்ற கையுமே ஆகும்.

கருவியை எடுக்கும்போது ஒரு கையால் தண்டைப் பற்றி, மறுகையால் பீடத்தைத் தாங்குங்கள். ஆடியைச் சாளரத்தின் வெளிச்சத்தை நோக்கித் திருப்புங்கள், கதிரவனை நோக்கி ஒருபோதும் திருப்பலாகாது, கண் கெடும். வெங்காயத்தின் உட்புறத் தோலை மெல்ல உரித்து, கண்ணாடிச் சில்லின்மேல் ஒரு துளி நீரில் விரியுங்கள். மூடுசில்லை ஒரு விளிம்பில் ஊன்றிச் சாய்வாக இறக்குங்கள்; திடீரென வைத்தால் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும்.

எப்பொழுதும் குறைந்த பெருக்கமுடைய லென்ஸிலேயே தொடங்குக. பக்கவாட்டில் நின்று பார்த்தவாறே பெரிய திருகால் லென்ஸைச் சில்லுக்கு அருகே கொணர்க. பின்னர்க் கண்ணை மேலே வைத்து, இரண்டும் மெதுவாக விலகுமாறு திருகுக. நெருக்கிக்கொண்டே பார்ப்பவன் சில்லையும் உடைப்பான், லென்ஸையும் கீறுவான். உருவம் தோன்றிய பிறகு சிறிய திருகால் தெளிவாக்குக. உயர்ந்த பெருக்கத்தில் லென்ஸுக்கும் சில்லுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரும் இராது. அங்கே பெரிய திருகைத் தொடவே கூடாது. ஒளி மிகுந்தால் நிறமற்ற தோல் கண்ணுக்கு மறைந்துவிடும். தடுப்பைச் சற்றே மூடினால் செல்களின் சுவர்கள் தெளிவுறும். ஒரு துளி அயோடின் கரைசல் இட்டால் உட்கருவும் புலனாகும்.

பார்த்ததை வரைவதும் பயிற்சியின் ஒரு பகுதியே. நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் நாற்பது மாணவருக்கு ஒரு கருவியே இருந்தது. அதனால் பலர் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு, பாடநூற் படத்தை அழகாகப் பெயர்த்தெழுதினர். ஒரு மாணவன் மட்டும் கருவிளிம்புடைய வட்டம் ஒன்றை வரைந்து, "செல்" எனப் பெயரிட்டிருந்தான். அது காற்றுக் குமிழி. பெயர் பிழைதான், ஆயினும் அவன் உண்மையாகவே பார்த்திருந்தான். பார்த்தவனது பிழையைத் திருத்தலாம். பாராதவனிடம் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. அன்று அவனுக்கே மிகுந்த மதிப்பெண் அளித்தேன்.

ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவென்ஹூக், தாமே தேய்த்த ஒற்றை லென்ஸால் நீர்த்துளியில் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676-இல் இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். அவ்வுயிர்கள் எந்த நூலிலும் இல்லை, பலர் ஐயுற்றனர். 1677-இல் ராபர்ட் ஹூக் அச்சோதனையைத் தாமே செய்து, சங்கத்தாருக்கு நேரிற் காட்டிய பின்னரே ஐயம் அகன்றது. கண்டதைக் கண்டபடி உரைத்தலும், பிறர் கண்டதைத் தாமும் சோதித்தலும் விஞ்ஞானத்தின் இரு கண்கள்.

ஆகவே, உங்கள் முறை வரும்போது விரையாதீர்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கும் அவ்வுரிமை உண்டென்பதை மறவாதீர்கள். பணி முடிந்ததும் லென்ஸைத் தூய மென்துணியால் துடைத்து, குறைந்த பெருக்கத்துக்குத் திருப்பி, உறையிட்டு வையுங்கள். நூல் சொல்வதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் கண் காண்பதையே வரையுங்கள்.