உள்ளூர்க் கடையும் ஊரார் பணமும்

(முத்தையாபுரம் கடைக்காரர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



உள்ளூர் வியாபாரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டியவர்கள் கேட்டுக் கொண்டார்கள். "உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள்" என்று ஜனங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு மாலையை வாங்கிக் கொண்டு போவது சுலபம். அதை நாம் செய்யப் போவதில்லை. பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிற இடத்துக்கு ஏழை போகத்தான் செய்வான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இந்தச் சங்கதி தூத்துக்குடிக்குப் புதிதல்ல. 1906-ம் வருஷம் அக்டோபரில் தோழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று. ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தை ஒரு ரூபாய் வரை இறக்கிற்று. பிறகு, "சும்மாவே ஏறுங்கள், குடையும் தருகிறோம்" என்றது. நஷ்டத்தைத் தாங்க அவனிடம் பணம் இருந்தது, பக்கத்தில் சர்க்காரும் இருந்தது. நம்மவர்களிடம் இருந்ததெல்லாம் பெரும்பாலும் உணர்ச்சிதான். 1908 மார்ச்சில் பிள்ளையைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. இன்று உங்கள் கைப்பேசியில் வருகிற தள்ளுபடி இருக்கிறதே, அது அந்தக் குடையின் பேரன்தான்!

அதே தூத்துக்குடியில் 1921 மே மாதம் நாடார் பாங்கு பதிவாகி, நவம்பர் 11-ந் தேதி திறக்கப்பட்டது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை ஒதுக்கிப் பேட்டையும் பள்ளிக்கூடமும் கட்டிப் பழகின வியாபாரிகளின் சமூகம் அது. பொதுப் பணத்துக்குக் கணக்கு வைப்பது அவர்களுக்குக் கைவந்த காரியம். 1962-ல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு என்று பெயர் மாறிற்று. தலைமை ஆபீஸ் இன்றும் இந்த ஊரில்தான். கடைக்காரனுக்குச் சமயத்தில் கடன் கிடைத்தால் கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கடையில் கட்டித் தொங்கவிடுகிற எலுமிச்சம்பழம் இதுவரை எவனுக்காவது கடன் கொடுத்ததுண்டா?

ஆனால் ஜாதியின் பேரால் சேருகிற மகமை அந்த ஜாதிக்காரனுக்குத்தானே முதலில் உதவும்? மகமையும் இல்லாமல், பிணை நிற்க ஆளும் இல்லாமல், ஒதுக்கப்பட்ட தெருவில் பிறந்தவன் கடை வைக்க ஆசைப்பட்டால் எங்கே போவான்? ஜாதி பாராத மகமை ஒன்றுதான் நமக்கு உண்டு. மாநகராட்சிக்கு நாம் கட்டுகிற வரிதான் அது. 2008-ல் தூத்துக்குடி மாநகராட்சி ஆயிற்று. முத்தையாபுரமும் பிறகு அதில் சேர்ந்தது. அந்த மகமைக்கு நாம் கணக்குக் கேட்கிறோமா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தூத்துக்குடிக்குள் கடைகளில் தண்ணீர் புகுந்து சரக்கு நாசமாயிற்று. சில பேர் தெய்வக் குற்றம் என்றார்கள். அவ்வளவு மழையை எந்த வாய்க்காலும் முழுக்கத் தாங்காது, வாஸ்தவம். ஆனால் அடைத்துக் கிடக்கிற வாய்க்காலைத் தூர்வாருவதற்கு எந்தச் சாமியின் உத்தரவு வேண்டும்? வாய்க்கால், விளக்கு, பெண்களுக்குக் கக்கூஸ் இந்த மூன்றும் இல்லாத கடைவீதிக்கு எவள் வருவாள்? வராவிட்டால் யார் கடை நிற்கும்?

இனிச் சொல்லப் போவதைக் கேட்டு இங்குள்ள சில தோழர்கள் கோபிக்கலாம். "நடைபாதைக்காரர்களை விரட்டினால் நமக்கு வியாபாரம் ஆகும்" என்று நம்மிடமே சொன்னார்கள். 2014-ம் வருஷத்துச் சட்டம் வேறு சொல்லுகிறது. கணக்கெடுத்துச் சான்று கொடுக்கிற வரையில் அவர்களை எழுப்பக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவிகிதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் கிடக்கட்டும், உங்கள் லாபத்தையே பாருங்கள். மீன் வாங்க வருகிறவள் புளியும் மிளகாயும் உங்களிடம்தானே வாங்குகிறாள்? மீன்காரியை ஊருக்கு வெளியே துரத்தினால், புளி வாங்குகிறவளும் அவள் பின்னாலேயே போய்விடுவாள்.

மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறீர்கள், சந்தோஷம். அதில் அவர்கள் கையெழுத்தும் இருக்கட்டும். அந்தத் தாய்மார்கள் நாலைந்து பேர் இக்கூட்டத்துக்கு வந்து, இவ்வளவு நேரமும் கூடையோடு பின்னால் நின்று கொண்டேயிருக்கிறார்கள். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன.