காற்பந்து ரசிகரும் அவர் வீட்டாரும்



நம் நாட்டில் காற்பந்தைப் பற்றிப் பேச முன்னுரை எதுவும் தேவையில்லை. தோட்டத்திற்கு ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம் என்பதுபோல் ஒரு திடலும் இருந்தது. பால்வெட்டு முடிந்து வந்து, மாலையில் அந்தத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்தவர்கள் இன்று தாத்தாக்கள் ஆகிவிட்டார்கள். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்களிலும் அந்தப் பற்று மாறவில்லை. அன்று திடலோரத்தில் நின்று பார்த்தோம். இன்று தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்து பார்க்கிறோம்.

நான் இன்று பேச வந்தது ஆடுகிறவர்களைப் பற்றி அன்று, பார்க்கிறவர்களைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், தம் குழு தோற்ற இரவில் வீட்டில் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பற்றி.

சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவார். பிள்ளைகள் பாயை விரித்துப் படுத்துக் கண்களை மூடிக்கொள்வார்கள். தூக்கம் வந்திருக்காது. அப்பாவின் குழு ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குவளையை அவர் கீழே வைக்கிற ஓசையே சொல்லிவிடும். கை ஓங்காத வீடுகளிலும் இது நடக்கிறது. சுடுசொல்லும், மறுநாள் காலைவரை நீளும் உம்மென்ற முகமும் பிள்ளைகளுக்கு அடிதான். மான்செஸ்டரில் யாரோ ஒருவர் கோட்டைவிட்ட பந்துக்காக, சிலாங்கூரில் ஒரு பத்து வயதுப் பிள்ளை ஏன் நடுங்க வேண்டும்?

இங்கே ஒன்றை வேடிக்கையாகவும் கவனிக்கலாம். வென்றால், "நாம் ஜெயித்துவிட்டோம்" என்கிறோம். தோற்றால், "இவர்களுக்கு ஆடவே தெரியவில்லை" என்கிறோம். வெற்றியில் பங்கு கேட்கிற நாம் தோல்வியில் பங்கு கேட்பதில்லை. உண்மையில் இரண்டிலுமே நம் கால் பந்தில் பட்டதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பற்றுக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். கூத்துப் பார்க்கிறவருக்குத் தாம் அரிச்சந்திரன் இல்லை என்று தெரியும். தெரிந்தும் அழுகிறார். கூத்து முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்.

நம் நாட்டுக் காற்பந்தின் கதையே இதற்கு நல்ல பாடம். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்கு நம் குழு போனது. அமெரிக்காவை 3-0 என்று வென்றது. மேற்கு ஜெர்மனியிடம் 0-3 என்றும் மொரோக்கோவிடம் 0-6 என்றும் தோற்றது. அதே குழு, அதே பயிற்சி, ஒரே போட்டி. மூன்று கோல் போட்ட நாளில் அவர்கள் தெய்வங்களும் அல்லர். ஆறு கோல் வாங்கிய நாளில் துரோகிகளும் அல்லர்.

1980-ஐ நினைத்துப் பாருங்கள். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச் சுற்று. ஏப்ரல் 6-ஆம் தேதி மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவுடன் ஆட்டம். சபாவைச் சேர்ந்த ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட, 2-1 என்று மலேசியா வென்றது. அந்தக் குழுவில் சோ சின் ஆன் இருந்தார். சந்தோக் சிங் இருந்தார். கோல் காவலராக நம் ஆர். ஆறுமுகம் இருந்தார். அவருடைய நீண்ட கைகளைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்தார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சீக்கியர் என்று எல்லாரும் ஒரே சட்டை அணிந்து ஆடிய காலம் அது. ஆனால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன; மலேசியாவும் புறக்கணித்தது. உழைத்து வென்ற இடம் கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டவில்லை. ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் இறந்தும் போனார். கிண்ணமும் இல்லை, பதக்கமும் இல்லை. என்றாலும் அந்த ஆட்டத்தைப் பார்த்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கண்கள் மலரும். அந்த மாலை அவர்களுக்குக் கொடுத்த மகிழ்ச்சியை எந்த அரசியலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் ஆட்டங்களைக் காசுக்கு விற்ற ஊழல் வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், சிலர் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்கு முந்திய பருவங்களில் தம் குழு தோற்றதற்காகச் சாப்பிடாமல் படுத்த ரசிகர்கள் எத்தனை பேர்! எந்தத் தோல்வி உண்மையானது, எது முன்னாலேயே விலைபேசப்பட்டது என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத இடத்தில் முடிவாகக்கூடிய ஒன்றின்மேல் வீட்டின் நிம்மதியைக் கட்டி வைப்பது எவ்வளவு ஆபத்து!

கூட்டமாகச் சேரும்போது இந்த ஆபத்து பெருகுகிறது. 2010-இல் நம் கே. ராஜகோபால் பயிற்றுவித்த குழு தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்றது. எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால் புக்கிட் ஜாலிலில் நடந்த முதல் ஆட்டத்தில், நம்மவர் சிலர் இந்தோனேசிய ஆட்டக்காரர்களின் கண்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றுபோனது. 3-0 என்று வென்ற இரவுக்கு அது ஒரு கறை. 2014 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் வியட்நாமிடம் 1-2 என்று தோற்றபோது, விருந்தினராக வந்த வியட்நாம் ரசிகர்களைச் சிலர் அடித்துக் காயப்படுத்தினார்கள். நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நான்கே நாள் கழித்து ஹனோயில் அதே நம் குழு 4-2 என்று வென்று இறுதியாட்டத்திற்குப் போய்விட்டது. ஆத்திரக்காரர்கள் அந்த நான்கு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? மறு ஆண்டு செப்டம்பரில் சவூதி அரேபியாவுடன் நடந்த ஆட்டத்தில் தீப்பந்தங்களை வீசி, ஆட்டத்தையே முடிக்கவிடாமல் செய்தார்கள். 1-2 என்று இருந்த ஆட்டம் 0-3 என்று எழுதப்பட்டது. குழுவின்மேல் வைத்த அன்பு என்று இதை யாராவது சொல்ல முடியுமா?

இனி, உழைக்கிறவர்களுக்கென்று ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் வாரநாளில் இரவு நடக்கிற பெரிய ஆட்டங்கள் நம் நேரப்படி விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ தொடங்குகின்றன. பெரட்டுக்குப் போக வேண்டியவர் அதைப் பார்த்துவிட்டு எப்போது தூங்குவது? தூக்கக் கண்ணோடு உளியைப் பிடித்தால் வெட்டு ஆழமாக இறங்கிவிடும். மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பனையில் வேலை செய்பவர் பாடு இன்னும் மோசம். தலைக்குமேல் நீண்ட கழியில் அரிவாள். கீழே விழப்போவது கனத்த குலை. அங்கே ஒரு கண அசதி போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அப்பாவோடு விழித்திருந்தால், மறுநாள் ஆசிரியர் சொல்வது அவன் காதில் ஏறாது. வார இறுதியில் இரவு பத்து, பதினொரு மணிக்கு வரும் ஆட்டம் ஒன்றை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம். மற்றவற்றின் முடிவைக் காலையில் செய்தியில் கேட்டால் போதும். கோல் எண்ணிக்கை மாறிவிடப் போவதில்லை.

பந்தயத்தைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. சட்டத்துக்குப் புறம்பாகக் காற்பந்துக்குக் காசு கட்டுகிறவர், பந்தை விட்டுவிட்டுக் காசைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். இழந்ததைப் பிடிக்க இன்னும் கட்டுகிறார். பிறகு ஆலோங்கிடம் போகிறார். கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்படும் காலையில் வெளியே வந்து நிற்பது பெரும்பாலும் அவர் மனைவிதான். தாய்மார்களே, சம்பள நாளில் கணக்குக் கேட்பதைச் சண்டை என்று நினைக்காதீர்கள், கேளுங்கள்.

அப்படியானால் ரசிக்கவே கூடாதா என்றால், நன்றாக ரசியுங்கள். கத்துங்கள், கை தட்டுங்கள். நம் பெண்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, 'ஆப்சைட்' என்றால் என்ன என்று சொல்லிக் கொடுங்கள். பல வீடுகளில் அது அண்ணன் தம்பிகளைவிட அவர்களுக்கே சீக்கிரம் விளங்குகிறது. தோற்றால் கொஞ்ச நேரம் வருத்தமாகத்தான் இருக்கும், அது இயற்கை. அந்த வருத்தத்தோடு வெளியே போய், தெருமுனைவரை நடந்துவிட்டு வாருங்கள். வந்த பிறகு வீட்டாரிடம் பேசுங்கள்.

வீட்டில் சின்னப் பையன் தன் குழு தோற்றதற்காக அழுதால், "இதற்கெல்லாமா அழுவாய்?" என்று கேலி செய்யாதீர்கள். அழுது முடிக்கட்டும். பிறகு அவனைப் பக்கத்தில் இருத்தி, "இன்றைக்கு நம் பக்கத்தில் யாரப்பா நன்றாக ஆடியது?" என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் சொல்வான். "சரி, அந்தப் பக்கத்தில்?" என்று கேளுங்கள். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பதில் வரும்வரை காத்திருங்கள்.