காலிப் பாக்கெட்டை எண்ணிய வியாபாரி

(அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் பெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறோம். பட்டுச் சேலைக்குக் குச்சு கட்டும் ஒரு சகோதரிக்குச் சென்ற ஆண்டு கடன் கொடுத்தோம். "விளம்பரம் செய்தால்தான் வேலை வரும்" என்று யோசனையும் சொன்னோம். அவர் கடனில் கால் பங்கை ஃபிளெக்ஸ் போர்டுக்குச் செலவழித்தார். பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்து, "போர்டைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை, யோசனை சொன்ன எங்களுக்கும் தெரியவில்லை. தவணை மட்டும் நின்றுபோயிருந்தது. அது உங்களில் பலர் தந்த அமானத் பணம்.

கடலூர்க்காரரான சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தொழில் தொடங்கினார். சிக் ஷாம்பு அவருடையது. பெரிய கம்பெனிகளைப்போல விளம்பரத்துக்குக் கொட்ட அவரிடம் பணமில்லை. கிராமங்களுக்குப் போய், கூட்டத்துக்கு நடுவே ஒரு சிறுவனுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

பிறகு, எந்தக் கம்பெனி ஷாம்புவானாலும் 5 காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். கொஞ்ச காலம் கழித்து, ஐந்தும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சத்துக்கு உயர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நடிகை அமலாவை வைத்து விளம்பரம் செய்தது அதற்குப் பிறகுதான்.

இதில் உள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். திரும்பி வந்த ஒவ்வொரு காலிப் பாக்கெட்டும் ஒரு கணக்கு. முதல் திட்டம் புதியவர்களை இழுத்தது. இரண்டாவது திட்டத்தில், மறுபடியும் வாங்கியவர் எத்தனை பேர் என்பது கடைக்காரர் கையிலேயே தெரிந்தது. விளம்பரமும் அதை அளக்கும் படியும் ஒன்றாகவே இருந்தன.

அந்தச் சகோதரியும் இதையே சிறிய அளவில் செய்தார். சீட்டுகள் அச்சடித்தார். "இதைக் கொண்டுவந்தால் கூலியில் 20 ரூபாய் குறைவு" என்று அதில் இருந்தது. காந்தி ரோடு பட்டுக்கடைகளில் கொடுத்த சீட்டுக்குப் பச்சை முத்திரை, ராஜாஜி மார்க்கெட்டில் கொடுத்ததற்குச் சிவப்பு. திரும்பி வந்தவற்றில் பெரும்பாலும் பச்சைதான். புதுச்சேலை வாங்கியவருக்குத்தானே குச்சு வேண்டும்! சிவப்புச் சீட்டை நிறுத்தினார். இன்று அவர் தவணை பாக்கியில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே விளம்பரத்துக்குக் காசு எடுக்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். வருகிறவரிடம் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாம் முறை வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். அச்சுக்கூலியையும் கொடுத்த தள்ளுபடியையும் கழித்த பிறகே லாபம் பாருங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை இருநூறு பேர் பார்த்தார்கள் என்பது விற்பனை ஆகாது.

இன்னொன்று. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கலப்பு நூல் சேலையை அசல் பட்டு என்று விளம்பரம் செய்கிறவருக்கு முதல் நாள் கூட்டம் வரலாம். இரண்டாம் கோடு அவர் நோட்டில் விழாது. பரக்கத்தும் இருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, இன்ஷா அல்லாஹ், அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். வஸ்ஸலாம்.